சூடு வாங்கியவள்

எனக்கு மூட்டுவாதம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் லால்குடியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தனபாலனுக்கு மூட்டுவாதம் என்றுதான் சொல்வார்கள். என் மனைவி ஜெகதா சொல்வாள், என் பையன் பரிதி சொல்வான், ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டும் அதையேதான் சொல்லும். தினமும் காலையில் அதற்கென்று ஒரு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரைக்குச் சொந்தக்காரி என் மருமகள் சங்கவி.

பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஐந்து நிமிஷம் பிந்தி வரும் டிரைவர்களைப் பார்த்துக் கத்திக் கத்தியே ரத்தக் கொதிப்பை வரவழைத்துக்கொண்டேன். அதன்பின் சர்க்கரை, கொழுப்பு, வாயு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன. எல்லாவற்றுக்குமான மாத்திரைகள் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய இருக்கும். அந்த டின்னை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். தொட்டால் காலை மாத்திரையும் ராத்திரி மாத்திரையும் கலந்துபோகும், நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன்.

சங்கவி துறையூர்ப் பக்கத்துப் பெண். அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டாள், அப்பா ஒற்றை ஆளாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். கல்யாணமான வருஷமே அவரும் போய்ச் சேர்ந்தார். பரிதிக்கு ஓசூரில் வேலை, சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவான். அதனால் அந்தப் பெண் பேசிப் பழகியதெல்லாம் எங்கள் இரண்டு பேரோடுதான். அவள்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். என் கத்தலுக்குப் பயப்படாத ஒரே ஜீவன் அந்த வீட்டில் அவள்தான். நான் கத்தி முடித்ததும், “முடிஞ்சுதா மாமா, காபி கலக்கவா?” என்பாள்.

ஒருநாள் விடிகாலையில் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையையும் பால் குண்டானுக்கு மேல் ஆவியில் காட்டிக்கொண்டு நின்றாள். விரல் ஒவ்வொன்றும் வீங்கியிருந்தது. பால் பாக்கெட்டைக் கையால் கிழிக்க முடியாமல் பல்லால் கடித்துக் கிழித்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் ஒளித்தாள். நான் விடவில்லை.

“பள்ளிக்கூடம் படிக்கும்போதே வந்தது மாமா. மாத்திரை போட்டா ஒண்ணும் தெரியாது. நேத்து தீந்துபோச்சு, கடைக்குப் போக முடியல. அத்தைக்குத் தெரிய வேணாம். நோயை மறைச்சுக் கட்டி வெச்சுட்டாருன்னு எங்கப்பாவத்தான் பேசுவாங்க. செத்துப்போன மனுஷன் மாமா.”

பேசுவாள்தான். ஜெகதாவுக்கு மனசு வெள்ளை, ஆனால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. காலையில் அவளுக்குத் தெரிந்தது மத்தியானத்துக்குள் என் தங்கை வீடுவரைக்கும் போய்விடும். மாத்திரையை எங்கே வைக்கிறாய் என்று கேட்டேன். அரிசி டிரம்மில் என்றாள். “அரிசி அளக்கிறது உங்க அத்தைதானே? மாட்டிக்குவ. என் டின்ல போடு, சாமியே வந்தாலும் அதைத் தொறக்காது” என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் மாத்திரையை நானே என் மருந்தோடு சேர்த்து வாங்கி வந்தேன். சப்பாத்தி கல் மாதிரி இருக்கிறது என்று ஜெகதாவிடம் சண்டை போட்டு மாவு பிசைகிற மெஷின் வாங்கிப் போட்டேன். இத்தனை வருஷம் இல்லாத ருசி மருமக வந்ததும் வந்துடுச்சாக்கும் என்று அவள் குத்திக் காட்டினாள். காட்டட்டும் என்று விட்டுவிட்டேன். சங்கவி கை நோகாமல் இருந்தால் போதும் எனக்கு.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. வாசலை மறித்து எவனோ லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். அவன் வந்ததும் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தேன். நடு வாக்கியத்தில் நெஞ்சிலிருந்து முதுகுவரை துணி கிழிகிற மாதிரி ஒரு வலி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஐயா சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள் என்றார்களாம். ஜெகதா பிஸ்கட் டின்னை அப்படியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். சங்கவி அதைப் பார்த்துக்கொண்டேதான் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். அவள் என்ன சொல்ல முடியும்?

என்னைக் காப்பாற்றியது எது என்று பிற்பாடு டாக்டர் நஸ்ரீன் எனக்கு விளக்கினார். சின்ன வயசு டாக்டர், என் கத்தலை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாதவர்.

“இதயத்துலேருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிடுச்சு சார். வெட்டி எடுத்துட்டு வேற குழாய் வெச்சுத் தச்சோம். ஆனா அது பாதி வேலைதான். உடம்பைக் குளிர வெச்சு, ரத்தத்தை மெஷின்ல ஓட விட்டு, இவ்வளவும் பண்ணும்போது எதிரி பூந்துட்டான்னு உடம்பு நெனச்சுக்கும். தனக்குத்தானே தீ வெச்சுக்கும். ஆபரேஷன்ல பொழைச்சவங்க அந்த அழற்சியிலதான் போவாங்க. நுரையீரல், கிட்னின்னு ஒண்ணொண்ணா நிக்கும்.”

“அதை அணைக்க மருந்து இல்லையா?”

“பழைய மருந்து தீயை அணைக்கும், கூடவே உடம்போட காவலையும் அணைச்சிடும். கிருமி உள்ள வந்துடும். இப்ப உள்ள மருந்து அந்தச் சூட்டை அள்ளிக்கிட்டு ரத்தத்தோட வெளிய வரும். வந்தது எங்கயாவது கரையணும்ல? மெஷின்ல கரைய மாட்டேங்குது. இன்னொரு நல்ல உடம்புலதான் கரையுது. ஒரு குழாய் போட்டு அவங்களுக்கு ஏத்துவோம். மூணு நாள் காய்ச்சல் அடிக்கும், அப்புறம் எழுந்து போயிடுவாங்க.”

யார் வேண்டுமானாலும் அதை ஏற்றுக்கொண்டுவிட முடியாது. சொந்த ரத்தமாக இருந்தால் அந்த உடம்பும் சேர்ந்து பற்றிக்கொள்ளும். முழு அந்நியமாக இருந்தால் மருந்தையே வெளியே தள்ளிவிடும். ஒரே வீட்டுத் தண்ணீரும் சாப்பாடும் வயிற்றில் இறங்கியிருக்க வேண்டும், ரத்தம் வேறாக இருக்க வேண்டும். டாக்டர் இதைச் சொன்னதும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நம் ஊரில் ஒரு வீட்டில் அப்படி யார் இருப்பார்கள்? வாழ வந்தவள்தான் இருப்பாள். டாக்டர்கள் அதற்கு ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் சூடு வாங்குவது என்கிறார்கள். சூட்டு வார்டு என்று தனியாக ஒன்று இருக்கிறது, கட்டில் கட்டிலாகப் பெண்பிள்ளைகள். மனைவிக்குக் கணவன் வாங்கலாம், தடையே இல்லை. ஆனால் மூணு நாள் லீவு கிடைக்காது, வீட்டில் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறோம், அவருக்கு ஊசி என்றாலே பயம் என்று ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு காரணம் இருந்ததாக அந்த வார்டு நர்ஸ் சொன்னாள்.

ஜெகதா என் தாய்மாமன் மகள். அதனால் அவள் ரத்தம் ஆகாது. பரிதி என் பிள்ளை, அவனும் ஆகாது. மிஞ்சியது சங்கவி.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வைத்துத்தான் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஜெகதா, ஒரு பக்கம் என் தங்கை, அவள் வீட்டுக்காரர், பின்னால் எங்கள் தெரு ஆட்கள் நான்கு பேர். ஒரு நர்ஸ் படபடவென்று கேட்டாளாம். சர்க்கரை இருக்கா, ஆஸ்துமா இருக்கா, மூட்டுவாதம், தோல் வியாதி ஏதாவது உண்டா, வருஷக்கணக்கா ஏதாவது மாத்திரை போடுறியாம்மா. சங்கவி எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாளாம். ஜெகதா முந்திக்கொண்டு, “அதெல்லாம் ஒண்ணும் கிடையாது சிஸ்டர், தங்கமான உடம்பு எம் மருமகளுக்கு” என்று சொன்னாளாம். இதை அவளே பெருமையாக என்னிடம் சொன்னாள்.

எனக்கு வாயிலிருந்து குழாயை எடுத்ததும் டாக்டர் நஸ்ரீன் முதலில் கேட்டது அந்த டின்னைப் பற்றித்தான். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஜெகதா, அந்தப் பக்கம் பரிதி.

“டின்ல இருந்த மாத்திரை எல்லாம் பார்த்தோம் சார். மூட்டுவாதத்துக்கு எத்தனை வருஷமா சாப்பிடுறீங்க? அது திடீர்னு நிறுத்தக்கூடாத மாத்திரை. அதனால விடாம குடுத்துக்கிட்டிருக்கோம்.”

பேச்சு வராத தொண்டையோடு பரிதியைப் பார்த்து சங்கவி எங்கே என்று கேட்டேன். அவன் ஜெகதாவைப் பார்த்தான். அவள் சொன்னாள், சங்கவி காய்ச்சல் விட்டு எழுந்துவிட்டாள், துறையூரில் அவள் பெரியம்மா வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்று அனுப்பிவைத்தோம். எனக்கு உயிர் வந்தது. துறையூரில் மருந்துக் கடைக்கா பஞ்சம்? வாங்கிப் போட்டிருப்பாள், கெட்டிக்காரி. அப்படியானால் அவள் ரகசியத்தை நான் எதற்கு உடைக்க வேண்டும்? “ரெண்டு மூணு வருஷமா சாப்பிடுறேன்” என்று டாக்டரிடம் சொன்னேன். ஒரு வார்த்தை சொன்னீங்களா என்று ஜெகதா ஆரம்பித்தாள். எல்லாத்தையும் உன்கிட்ட ஒப்பிக்கணுமா என்று அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டே எரிந்து விழுந்தேன்.

அந்த நேரம் சங்கவி எனக்கு நேர் கீழ் மாடியில், சூட்டு வார்டில், நினைவில்லாமல் கிடந்தாள். மூன்று நாளில் விட வேண்டிய காய்ச்சல் விடவே இல்லை. கிருமிதான் தொற்றியிருக்கும் என்று ஊசிமேல் ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சூடு வாங்கிய ரத்தத்தில் எல்லா அளவும் ஏறித்தான் இருக்கும், அதில் பழைய நோய் தனியாகத் தெரியாதாம். எனக்கு அதிர்ச்சி தரக்கூடாது, கொதிப்பு ஏறினால் தையல் பிரிந்துவிடும் என்று வீட்டார் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்து என்னிடம் மறைத்தார்கள். அவளுடைய மாத்திரையை எனக்கு வேளை தவறாமல் கொடுத்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள்மேல் கோபப்பட்டேன். ஒரு போன் போட முடியவில்லையா இந்தப் பெண்ணுக்கு, மாமா செத்தானா பிழைத்தானா என்று கேட்கத் தோன்றவில்லையா என்று முறைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்த ஆஸ்பத்திரியில் ஜனங்களாக ஏற்படுத்திக்கொண்ட ஒரு வழக்கம் உண்டு. பிழைத்தவர் எழுந்து நடக்க ஆரம்பித்ததும், தனக்குச் சூடு வாங்கியவருக்குத் தன் கையால் ஒரு இளநீர் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள். வாசலில் இளநீர்க் கடை அதனாலேயே ஓடுகிறது. நான் நடந்த அன்றைக்கே ஒரு செவ்விளநீர் வாங்கிவரச் சொல்லி, சங்கவியைக் கூப்பிடு என்றேன். பரிதி நாளைக்கு என்றான். மறுநாளும் நாளைக்கு என்றான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். அந்த இளநீர் கட்டிலுக்கு அடியில் வாடிக்கொண்டிருந்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் நான் நேராகவே கேட்டேன். என் மருமகள் எங்கே?

அவர் பரிதியை வெளியே போகச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறைக்காமல் சொன்னார். காய்ச்சல் ஏன் இறங்கவில்லை என்று புரியவில்லை, எந்தக் கிருமியும் அகப்படவில்லை என்றார்.

“அந்த மாத்திரை அவளோடது” என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அந்த டாக்டர் வராந்தாவில் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உடம்பில் ஏற்கெனவே இருந்த தீயின்மேல் என் தீயையும் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். அதைக் கட்டிப் போட்டிருந்த மாத்திரையையும் அதே நாளில் பிடுங்கிக்கொண்டோம். விஷயம் தெரிந்து சரியான மருந்து போனதும் ஒருநாள் காய்ச்சல் இறங்கியது. கண் திறந்துவிட்டாள் என்று சொல்லி என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் டின்னை மடியில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அவள் வாயில் குழாய் இருந்தது. கை இரண்டும் பொதபொதவென்று வீங்கி, வளையலைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்தாள். மடியிலிருந்த டின்னைப் பார்த்தாள். பிறகு கால்மாட்டில் நின்ற ஜெகதாவின் பக்கம் கண்ணைத் திருப்பி, மறுபடி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையை அசைத்தாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு அவள் அப்பாவின் பேர்தான் கவலை. சரி அம்மாடி என்றேன். அவள் விரலைத் தொட்டேன், சுட்டது. அது என் சூடு.

கிட்னி ஏற்கெனவே போயிருந்தது. மறுநாள் மத்தியானம் சங்கவி போய்விட்டாள்.

வீட்டாரிடம் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் நஸ்ரீனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கினார். பிறகு சொன்னார்.

“அவங்க ரகசியம் அவங்களோடது சார், என் வாயிலேருந்து வராது. ஆனா அந்தக் கேள்வியை வாசல்ல வெச்சு, மாமியார் முன்னாடி கேட்டோம் பாருங்க, அதுக்கு நான் பதில் சொல்லியாகணும்.”

அடுத்த வாரத்திலிருந்து சூடு வாங்க வருகிறவர்களைத் தனி அறையில் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்கிறார்களாம். சொந்தக்காரர்கள் எவ்வளவு முட்டினாலும் உள்ளே விடுவதில்லை. அப்படிக் கேட்க ஆரம்பித்ததும் வருகிற பெண்களில் பாதிப் பேர் ஏதோ ஒன்று இருக்கிறது என்று சொல்கிறார்கள் என்று டாக்டர் போனில் சொன்னார். அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பிழைக்க வேண்டிய ஆண்கள் சிலர் பிழைக்காமல் போகிறார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு அதைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை?

எனக்கும் உடனே அந்த மாத்திரையை நிறுத்த முடியவில்லை. அத்தனை நாள் ஏற்றிவிட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தபிறகு டின் ஜெகதா கைக்குப் போய்விட்டது. தினமும் காலையில் ஒரு தட்டில் மாத்திரைகளை எடுத்து வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் வைப்பாள். அதில் சங்கவியின் மாத்திரையும் இருக்கும். நான் அதைக் கடைசியாக எடுத்து விழுங்குவேன். பரிதி ஓசூரிலிருந்து வருவதைக் குறைத்துக்கொண்டான். வீட்டில் இப்போது சத்தமே கிடையாது. நான் கத்துவதை நிறுத்திவிட்டேன், கத்தி முடித்தால் காபி கலக்கவா என்று கேட்க ஆள் இல்லை.

ஜெகதா மட்டும் அந்தச் சூட்டு வார்டு நாட்களைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பாள். நினைவு தப்புகிறவரைக்கும் சங்கவி, அத்தை டின்னு, மாமா டின்னு என்றே அனத்தினாளாம். தன் காய்ச்சலிலும் மாமாவுக்கு மாத்திரை கொடுத்தாச்சா என்றுதான் கேட்டாள், பெத்த மகள்கூட அப்படி இருக்கமாட்டாள் என்று ஜெகதா மூக்கைச் சிந்துவாள். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் குழந்தை எதற்காக டின்னைக் கேட்டாள் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் ஒருநாள் காலையில் தட்டைப் பார்த்தேன். சங்கவியின் மாத்திரையைக் காணோம். அன்றைக்கு அதை நிறுத்த வேண்டிய நாள்தான், டாக்டர் போனில் என்னிடம் சொல்லியிருந்தார். ஆனால் நான் அதை ஜெகதாவிடம் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். உள்ளே பால் பொங்குகிற வாசனை வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கையில் பீரோவில் வைத்திருந்த சங்கவியின் கைப்பை. அதிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். எல்லாம் போட்டு முடித்த வெறும் அட்டை. டின்னில் இருக்கிற அதே மாத்திரை.

ஜெகதா என்னைத் திட்டவில்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் அவளைக் கேட்கவில்லை, அவளும் என்னைக் கேட்கவில்லை. வெந்நீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அவ” என்றாள். “நான் என்ன, கொன்னா போட்டிருப்பேன்?”